21 நாளில் ஒரு நாள்: ஒருங்கிணைந்த புற்றுநோய் சிகிச்சையில் யாருக்குப் பயிற்சி?

கடலூரிலிருந்து விடிகாலையில் புதுச்சேரிக்குக் கிளம்பும் பஸ்ஸில் யார் யார் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள் என்று கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. மடியில் ஸ்கேன் கவர், காலடியில் வயர் கூடை, கூடைக்குள் போர்வை, டிபன் டப்பா, வெந்நீர் ஃபிளாஸ்க். என் சித்தியின் கூடையில் கூடுதலாக ஒரு எவர்சில்வர் பாட்டிலும் இருக்கும். துண்டில் சுற்றி அடியில் வைத்திருப்பார். முள் சீத்தா இலையைப் போட்டுக் கொதிக்கவைத்த கசாயம். மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ ஏற்றிக்கொண்ட நாலரை மாதத்தில் பாதிக்கு மேல் அந்த பாட்டிலும் எங்களோடு முள்ளோடை தாண்டிப் போய்வந்தது.

எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே தேவையில்லை. ஒவ்வொரு முறையும் டாக்டர் கேட்பார்: "வேற ஏதாவது மருந்து சாப்பிடறீங்களா?" சித்தி சொல்வார்: "இல்ல டாக்டர்." அவர் பொய் சொல்லவில்லை. அவர் கணக்கில் கசாயம் மருந்தே கிடையாது, ரசம் மாதிரி அதுவும் ஒன்று. நான்காவது கீமோவுக்குப் போனபோது ஊசி ஏற்ற வந்த நர்ஸ் வேறு மாதிரி கேட்டார். "முள் சீத்தா, கோதுமைப் புல், கருஞ்சீரகம்னு இங்க வர்றவங்க எல்லாரும் ஏதாவது ஒண்ணு குடிக்கத்தான் செய்றாங்க. நீங்க எதும்மா குடிக்கிறீங்க?" சித்தி என்னைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார். பாட்டில் வெளியே வந்தது.

இரண்டு கேள்விக்கும் உள்ள வித்தியாசம் சின்னதுதான். ஒருங்கிணைந்த புற்றுநோய் சிகிச்சையில் டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் பயிற்சி வேண்டும் என்று பேசுகிறவர்கள் முதலில் சொல்லித்தர வேண்டிய பாடமே அந்த வித்தியாசம்தான் என்பது என் எண்ணம். மூலிகைப் பட்டியல் அப்புறம் வரட்டும்.

முதலில் சொல்லைச் சரியாகப் பிடித்துக்கொள்வோம். மாற்று மருத்துவம் என்றால் கீமோ, ஆபரேஷன், நம் ஊரில் 'கரண்ட் வைப்பது' என்று சொல்லும் கதிர்வீச்சு எல்லாவற்றையும் விட்டுவிட்டு வேறொன்றை நம்பிப் போவது. ஒருங்கிணைந்த சிகிச்சை அதற்கு நேர் எதிர். முக்கிய சிகிச்சை அப்படியே நடக்கும். அதனால் வரும் வாந்தி, அசதி, மூட்டுவலி, தூக்கமின்மை, பயம் இவற்றைச் சமாளிக்க யோகா, உடற்பயிற்சி, அக்குபஞ்சர், உணவு, சில இயற்கைப் பொருட்கள் ஆகியவற்றை ஆதாரம் இருக்கும் அளவுக்குப் பக்கத்தில் சேர்த்துக்கொள்வார்கள். இதற்கென்றே சர்வதேச அளவில் ஒருங்கிணைந்த புற்றுநோயியல் சங்கம் என்ற அமைப்பு 2003-ல் தொடங்கப்பட்டது. 2017-ல் வெளியான வரையறையும் 'வழக்கமான சிகிச்சையோடு சேர்த்து' என்றுதான் சொல்கிறது. 'சேர்த்து' என்ற அந்த ஒரு சொல்லில்தான் உயிர் இருக்கிறது. சும்மா சொல்லவில்லை. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், மாற்று மருத்துவத்தை மட்டுமே நம்பிய 281 பேரை வழக்கமான சிகிச்சை எடுத்தவர்களோடு ஒப்பிட்டார்கள். மாற்று மருத்துவம் மட்டும் எடுத்தவர்களிடம் இறப்பு அபாயம் இரண்டரை மடங்காக இருந்தது. அதே ஆண்டு அவர்களே செய்த இன்னொரு ஆய்வு எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. வழக்கமான சிகிச்சையோடு வேறு வைத்தியமும் சேர்த்துக்கொண்டவர்களிடமும் இறப்பு அபாயம் சுமார் இரண்டு மடங்கு. ஆனால் சிகிச்சையின் ஏதோ ஒரு பகுதியை மறுத்தவர்கள், தள்ளிப்போட்டவர்கள் என்ற விஷயத்தையும் கணக்கில் எடுத்தபோது அந்த வித்தியாசம் பெரும்பாலும் மறைந்துவிட்டது. கசாயம் குடித்ததைவிட, கசாயத்தை நம்பி கீமோ தேதியைத் தவறவிட்டதுதான் ஆளைச் சாய்த்திருக்கிறது.

சரி, இதற்கு எங்காவது முறையாகப் பயிற்சி தருகிறார்களா? தருகிறார்கள். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகம் அந்நாட்டு தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் நிதியில் ஒரு திட்டம் நடத்தியது. ஆண்டுக்கு 25 பேர் வீதம் 100 பேரைப் பயிற்றுவிப்பது இலக்கு. ஆன்லைன் பாடமும் உண்டு, நேரில் கூடும் வகுப்பும் உண்டு. இதில் என்னைக் கவர்ந்தது, யாரைச் சேர்த்தார்கள் என்பது. டாக்டர்களோடு நர்ஸ், மருந்தாளுநர், சமூகப் பணியாளர், உளவியலாளர், பிசியோதெரபிஸ்ட் எல்லாரும் ஒரே வகுப்பில் உட்கார்ந்தார்கள். நோயாளி எந்த விஷயத்தை யாரிடம் சொல்வார் என்பது முன்கூட்டித் தெரியாது. அதனால் எல்லாருக்கும் அடிப்படை தெரிந்திருக்க வேண்டும் என்ற யோசனை அது.

அங்கே பாடமாக வைக்கும் ஆதாரங்களும் ஒரு அளவுக்குத் திரண்டிருக்கின்றன. அந்தச் சர்வதேசச் சங்கமும் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்கள் சங்கமும் சேர்ந்து 2022-ல் வலிக்கும், 2023-ல் பதற்றம், மனச்சோர்வுக்கும், 2024-ல் அசதிக்கும் வழிகாட்டுதல்கள் வெளியிட்டன. லெட்ரோசோல், அனஸ்ட்ரசோல் வகை மாத்திரை சாப்பிடும் மார்பகப் புற்றுநோயாளிகளுக்கு வரும் மூட்டுவலிக்கு அக்குபஞ்சர். பதற்றத்துக்கு மனதை ஒருமுகப்படுத்தும் பயிற்சி, மார்பகப் புற்றுநோயாளிகளுக்கு யோகா. அசதிக்கு உடற்பயிற்சி. கடைசியாகச் சொன்னதை ஒருமுறை மறுபடி படியுங்கள். நம் வீடுகளில் கீமோ போட்டு வந்தவரை அசையவே விடமாட்டோம். "நீ படு, நான் பாத்துக்கறேன்" என்பதுதான் பாசம். சிகிச்சை நடக்கும்போதே முடிந்த அளவு நடந்தால் அசதி குறையும் என்று சொன்னால் மாமியாரிலிருந்து நாத்தனார் வரை சண்டைக்கு வருவார்கள். அதைச் சண்டை வராமல் சொல்லத் தெரிவதும் ஒரு பயிற்சிதான்.

இந்த வழிகாட்டுதல்களை அப்படியே அச்சடித்துக் கடலூரில் கொடுத்தால் போதுமா என்றால், போதாது. குறிஞ்சிப்பாடிக்காரருக்கு அக்குபஞ்சர் எழுதிக்கொடுத்தால் அவர் எங்கே போவார்? இங்கே புற்றுநோயாளி வீட்டில் நடப்பதே வேறு கதை.

பல கீமோ மருந்துகளை 21 நாளுக்கு ஒருமுறை ஏற்றுவார்கள். ஆஸ்பத்திரிக்குச் சொந்தமானது அதில் ஒரு நாள். மீதி 20 நாளும் வீட்டுக்குச் சொந்தம். அந்த 20 நாளில் நோயாளியைப் பார்ப்பவர்கள் யார்? பக்கத்து வீட்டு அக்கா, நாட்டு மருந்துக் கடைக்காரர், மெடிக்கல் ஷாப் பையன், கிராம சுகாதாரச் செவிலியர், ஆரம்ப சுகாதார நிலையத்தின் சித்த மருத்துவர். தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையங்கள் பலவற்றிலும் அரசு மருத்துவமனைகளிலும் சித்தா பிரிவு இருப்பது நமக்குப் பழகிப்போன விஷயம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வலி தணிப்பு நர்ஸும் பிசியோதெரபிஸ்டும் வீட்டுக்கே வருகிறார்கள். பயிற்சி முதலில் போய்ச் சேர வேண்டிய இடம் இதுதான். புற்றுநோய் நிபுணருக்கு ஒரு நாள் கருத்தரங்கு வைத்து, சாப்பாடு போட்டு, சான்றிதழ் கொடுத்தால் அந்த 20 நாளில் ஒன்றும் மாறாது.

ஒரு உதாரணம் சொல்கிறேன். கீமோ போட்ட 7-லிருந்து 14 நாளுக்குள் ரத்தத்தில் வெள்ளையணு மிகவும் இறங்கிவிடும். அந்தச் சமயத்தில் 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால் அது சாதாரணக் காய்ச்சல் கிடையாது. உடம்பில் கிருமியோடு சண்டை போட ஆளில்லாத நேரம் அது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், போன ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் நரம்பில் ஏற வேண்டும். நம் ஊரில் காய்ச்சல் வந்தால் என்ன செய்வோம்? நிலவேம்புக் குடிநீர். டெங்கு காலத்தில் அரசே தெருத்தெருவாகக் கொடுத்தது, மக்களுக்கு அதன்மேல் நம்பிக்கை இருக்கிறது. ரெண்டு நாள் நிலவேம்பு குடித்துப் பார்க்கலாம், நடுவில் ஒரு பாராசிட்டமால் போட்டுக்கொள்ளலாம் என்றுதான் வீட்டில் தோன்றும். பாராசிட்டமால் சூட்டைக் குறைத்துவிடும், 'காய்ச்சல் விட்டுடுச்சு' என்று நினைப்பார்கள், கிருமி பாட்டுக்கு வேலையைச் செய்துகொண்டிருக்கும். நிலவேம்பு நல்லதா கெட்டதா என்று இங்கே விவாதித்துப் பயனில்லை. அந்த ரெண்டு நாள்தான் பிரச்சினை. நிலவேம்பு வாங்க வருகிறவரிடம் சித்த மருத்துவர் "கீமோ எப்ப போட்டீங்க?" என்று ஒரு கேள்வி கேட்டு, பதிலைக் கேட்டதும் வண்டி ஏற்றி அனுப்பிவிட்டால் ஒரு உயிர் மிஞ்சும். ஆறு மாதப் படிப்பு இதற்கு வேண்டாம், அரை மணி நேரம் போதும்.

சித்த மருத்துவரை இப்படி நடுவில் நிறுத்துவது அலோபதி நண்பர்கள் சிலருக்குப் பிடிக்காது. அவர்கள் கவலையில் நியாயமும் இருக்கிறது. ரசகந்தி மெழுகை எடுத்துக்கொள்ளுங்கள். புற்றுக்குச் சித்த மருத்துவர்கள் கொடுக்கும் மருந்துகளில் அது ஒன்று. பாதரசமும் கந்தகமும் சேர்ந்தது. முறைப்படி சுத்திகரித்தால் நஞ்சு நீங்கிவிடும் என்பது சித்த மருத்துவத்தின் நிலைப்பாடு. இந்தப் பக்கம் சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து சிறுநீரகத்தைப் பதம் பார்க்கக்கூடியது. அதனால்தான் அதற்கு முன்னும் பின்னும் பாட்டில் பாட்டிலாகச் சலைன் ஏற்றி, சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியாட்டினின் அளவை ரத்தத்தில் பார்க்கிறார்கள். பாதரசமும் சிறுநீரகத்தைத் தாக்கும் பொருள்தான். இரண்டையும் ஒரே ஆள் ஒரே மாதத்தில் சாப்பிட்டு கிரியாட்டினின் ஏறினால், எதனால் ஏறியது என்று யாராலும் சொல்ல முடியாது. நோயாளி வாயைத் திறக்காவிட்டால் டாக்டர் கீமோவின் அளவைக் குறைப்பார், அல்லது மருந்தையே மாற்றுவார். பழி ஒரு பக்கம், பாவம் ஒரு பக்கம் என்று ஆகிவிடும். இதைச் சித்த மருத்துவரும் புற்றுநோய் மருத்துவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து படித்தால்தான் ஒழுங்காகும். எந்தக் கீமோ காலத்தில் உலோகம் சேர்ந்த மருந்து வேண்டாம், எப்போது எதைக் கொடுக்கலாம், கொடுத்தால் யாருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதை இருவரும் சேர்ந்தே முடிவு செய்ய வேண்டும்.

செடியிலிருந்து வந்தது கெடுதல் செய்யாது என்ற நம்பிக்கையை உடைக்க எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் நம் வேலியோரத்திலேயே இருக்கிறது. நித்திய கல்யாணி, அதாவது சுடுகாட்டு மல்லி. கடலூர் பக்கத்து மணல் பூமியில் தண்ணீர் விடாமலே பூக்கும். ஜமைக்காவில் சர்க்கரை நோய்க்கு அந்த இலையில் டீ போட்டுக் குடிப்பார்களாம். அதைக் கேள்விப்பட்டு கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பியரும் ஆராய்ந்தார்கள். சர்க்கரை குறையவில்லை, எலிகளின் வெள்ளையணு குறைந்தது. அந்த வழியில் 1958-ல் வின்பிளாஸ்டின் கிடைத்தது. பின்னால் அதே செடியிலிருந்து வந்த வின்கிரிஸ்டின் இன்றும் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு முக்கியமான மருந்து. மில்லிகிராம் கணக்கில் அளந்து நரம்பில் மட்டும் ஏற்றுவார்கள், தவறுதலாகத் தண்டுவடத்தில் போனால் உயிர் போய்விடும். அதே இலையை வீட்டில் அரைத்துக் குடிப்பவரிடம், 'இதில் மருந்தே கிடையாது' என்று சொன்னால் எடுபடாது, அது உண்மையும் இல்லை. 'இதில் மருந்து இருக்கிறது, எவ்வளவு என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது' என்று சொன்னால் யோசிப்பார்.

முள் சீத்தாவுக்கும் இதே பதில்தான். கரீபியன் தீவான குவாடலூப்பில், முள் சீத்தாப் பழமும் இலை டீயும் அதிகம் எடுத்துக்கொண்டவர்களிடம் பார்க்கின்சன் போன்ற நரம்புத் தளர்ச்சி கூடுதலாகக் காணப்பட்டதாக 1999-ல் ஓர் ஆய்வு வந்தது. அதிலுள்ள அனோனாசின் என்ற பொருள் நரம்புக்கு ஆகாது. சித்திக்கு விரல் நுனியில் மதமதப்பு வந்தபோது அது கீமோ மருந்தால் வந்ததா, பாட்டிலால் வந்ததா என்று எங்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஒருவேளை முழுக்கக் கீமோவாகவே இருக்கலாம். ஆனால் அந்த நர்ஸ் கேட்காமல் விட்டிருந்தால் அப்படி ஒரு கேள்வி எழுந்திருக்கவே எழுந்திருக்காது.

எல்லாவற்றுக்கும் வேண்டாம் என்று சொல்வது பயிற்சி இல்லை. அப்படிச் சொன்னால் அடுத்த முறை நோயாளி பாட்டிலை இன்னும் அடியில் ஒளிப்பார். குழம்பில் போடும் மஞ்சளுக்கு யாரும் பயப்பட வேண்டியதில்லை. மிளகிலுள்ள பைப்பரின் சேர்ந்தால் மஞ்சளின் குர்குமின் உடம்பில் ஏறும் அளவு 20 மடங்கு கூடுகிறது என்று 1998-ல் பெங்களூர் ஆய்வாளர்கள் காட்டினார்கள். இதைச் சொல்லியே இன்று மிளகுச் சத்துச் சேர்த்த மஞ்சள் மாத்திரை விற்கிறார்கள். மஞ்சளை ஏற்றிவிடும் மிளகு வேறு மருந்துகளின் அளவையும் மாற்றிவிடலாம். அப்புறம் மஞ்சள் மாத்திரைகளால் ஈரல் பாதிக்கப்பட்டவர்களும் இருக்கிறார்கள். ஆக, சமையலறை மஞ்சள் சரி, மாத்திரை மஞ்சள் கேட்டுவிட்டு. இஞ்சியைத் தாராளமாக ஆதரிக்கலாம். 2012-ல் 576 பேரிடம் செய்த ஆய்வில், வாந்தி மாத்திரையோடு தினம் அரை கிராமிலிருந்து ஒரு கிராம் இஞ்சி எடுத்தவர்களுக்குக் குமட்டல் குறைந்தது. பாட்டி சொன்னது சரிதான் என்று டாக்டர் வாயால் கேட்கும்போது நோயாளி முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். அதன் பிறகு டாக்டர் எதை வேண்டாம் என்றாலும் கேட்பார்.

ஐஸ் கட்டி இன்னொரு விசித்திரம். ஃப்ளோரோயூராசில் என்ற மருந்தை வேகமாக ஏற்றும்போது அரை மணி நேரம் ஐஸைச் சப்பிக்கொண்டிருந்தால் வாய்ப்புண் குறையும். காசு செலவில்லாத வைத்தியம். ஆனால் ஆக்சாலிபிளாட்டினும் சேர்ந்து ஏறுகிறது என்றால் ஐஸ் பக்கமே போகக்கூடாது. சில நாளுக்குச் சில்லென்று எது பட்டாலும் தொண்டை இறுகி மூச்சு முட்டுவது போல ஆகும், ஐஸ் போட்ட நன்னாரி சர்பத்கூட ஆகாது. குடல் புற்றுநோய்க்கு இரண்டையும் சேர்த்தே கொடுப்பது வழக்கம். ஐஸ் நல்லது என்று பாதிப் பாடம் படித்தவர் இந்த இடத்தில் கெடுதல் செய்துவிடுவார்.

பத்தியம் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம். முட்டை சூடு, மீன் புண்ணை ஆறவிடாது, பால் சளி என்று ஒவ்வொன்றாக நிறுத்தி, கடைசியில் கஞ்சியும் அப்பளமும் மிஞ்சும். வாய், தொண்டைப் புற்றுநோய்க்குக் கரண்ட் வைப்பவர்களுக்கு விழுங்குவதே வேதனை. அவர்கள் எடை இறங்க இறங்கச் சிகிச்சையைத் தாங்கும் சக்தியும் இறங்கும். பத்தியத்தில் நம்பிக்கை உள்ளவரிடம் அதை உடைக்கக் கூடாது, திருப்பிவிட வேண்டும். பத்திய உணவு என்று ஊரே ஒத்துக்கொள்ளும் இளம் பிஞ்சுக் காய், பாசிப்பருப்பு, பால்சுறா புட்டு இவற்றையே முன்னால் நிறுத்தலாம். பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப் புட்டு கொடுக்கும் கடற்கரை ஊர்க்காரரிடம் புரதம் என்று வகுப்பெடுக்கத் தேவையில்லை, "பச்ச உடம்புக்குக் கொடுக்கிற மாதிரி கொடுங்க" என்றாலே போதும். அமெரிக்கப் பாடத்திட்டம் எதிலும் இந்த வரி இருக்காது, நாமே எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

எழுதுவதற்கான இடமும் ஆளும் இங்கே இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் 1823-ல் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் தொடர்ச்சிதான் புதுச்சேரி ஜிப்மர். அங்கே 2002 முதல் மண்டலப் புற்றுநோய் மையம் இருக்கிறது, 2008-ல் யோகா சிகிச்சைக்கும் ஆராய்ச்சிக்கும் ஒரு மையம் அமைத்தார்கள். சிதம்பரத்து ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி இப்போது கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி. எம்.பி.பி.எஸ். பாடத்தில் 2019 முதல் நோயாளியிடம் பேசும் முறைக்கென்று தனிப் பகுதி வந்துவிட்டது. 2021 விதிகள்படி பயிற்சி மருத்துவர்கள் ஒரு வாரம் சித்தா, ஆயுர்வேதம் முதலான ஆயுஷ் பிரிவில் இருக்கலாம். அந்த ஒரு வாரத்தைக் கையெழுத்து வாங்கும் வாரமாகக் கழிக்காமல், சித்தா ஓ.பி.யில் உட்கார்ந்து புற்றுநோயாளிகள் அங்கே என்ன கேட்கிறார்கள் என்று கவனித்து எழுதிவரச் சொன்னால் நல்ல பாடமாக இருக்கும். எதிர்ப்பக்கம், சித்த மருத்துவம் படிப்பவர் ஒரு வாரம் கீமோ வார்டில் நிற்கட்டும்.

ஒரு பயம் எனக்கும் உண்டு. 'ஒருங்கிணைந்த' என்பது போர்டில் எழுத அழகான சொல். புற்றுநோயைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதையே 1954-ம் ஆண்டு மாயத் தீர்வுகள் தடைச் சட்டம் குற்றம் என்கிறது. இருந்தாலும் வாட்ஸ்அப்பில் தினம் ஒன்று வருகிறது. சான்றிதழ் வகுப்புகள் பெருகினால் அந்தச் சான்றிதழையே ஃபிரேம் போட்டுச் சுவரில் மாட்டி மருந்து விற்பவர்களும் வருவார்கள். அதனால், எந்தப் பயிற்சியாக இருந்தாலும் எதைக் கொடுக்கலாம் என்பதைவிட எதை நிறுத்தச் சொல்ல வேண்டும், யாரை எப்போது அனுப்பிவிட வேண்டும் என்பதற்கு அதிக நேரம் ஒதுக்குகிறார்களா என்று பார்ப்பேன். எலும்பில் பரவியவருக்கு முதுகைப் பிடித்துவிட்டால் எலும்பு முறியலாம், ரத்தத்தை உறையவைக்கும் தட்டணு (பிளேட்லெட்) குறைந்தவருக்கு அழுத்தித் தேய்த்தால் ரத்தம் கட்டும் என்று முதல் நாளே சொல்லாத வர்மம், மசாஜ் வகுப்புக்கு என் வீட்டிலிருந்து யாரையும் அனுப்பமாட்டேன்.

சித்தி இப்போது நன்றாக இருக்கிறார், ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய்க் காட்டிவிட்டு வருகிறார். அன்று அந்த நர்ஸ் பாட்டிலைத் திறந்து முகர்ந்து பார்த்தார், திட்டவில்லை. "எவ்வளவு நாளா? ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர்?" என்று கேட்டு, சித்தியின் ஓ.பி. நோட்டில் சிவப்பு மையில் ஒரு வரி எழுதினார்: 'முள் சீத்தா இலைக் கசாயம், தினம் 1 டம்ளர், 2 மாதமாக.' சாயங்காலம் ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு, இரண்டு மாதமும் தான் என்ன கேட்டோம் என்று யோசிப்பது போல ஒரு நிமிஷம் நின்றார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "வீட்ல வேற என்னென்ன செய்யறீங்கம்மா, சொல்லுங்க" என்றார். சித்தி இஞ்சிச் சாற்றிலிருந்து ஆரம்பித்தார்.